தேவதைகள் குடித்தது போக மிச்சம்

‘சரக்கு’ என்று சொன்னாலே இப்போது கடைப் பையன்கள் வாய்க்குள் சிரிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சரக்கைப் பற்றியதுதான். நான் அதைத் தொட்டதில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் அதன் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் நம் சங்க உறுப்பினர்களுக்கு அதில் வியாபாரமும் இல்லை. ஆனால் சரக்கை இருப்பு வைத்து விற்கிற நமக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஐலா என்றொரு தீவு. 1779-இல் தொடங்கிய பௌமோர் என்னும் விஸ்கி ஆலை அங்கே கடலை ஒட்டியே நிற்கிறது. அதன் பழைய கிடங்கு ஒன்று கடல் மட்டத்துக்கும் கீழே. முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைப்பார்கள். 3 ஆண்டு முடியாமல் ஸ்காட்ச் என்று விற்க அந்நாட்டுச் சட்டம் விடாது. 18, 25 ஆண்டு வைப்பதும் உண்டு. அத்தனை நாளும் மரத்தின் வழியே ஆவியாகிப் போவது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தேவதைகளின் பங்கு’. நாம் சேதாரம் என்று எழுதுகிறோம். பெயர் வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இதையே நம் வெயிலில் செய்தால்? 1948-இல் பெங்களூரில் தொடங்கிய அம்ருத் நிறுவனம் செய்து பார்த்தது. அங்கே ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் போய்விடுகிறது. பென்சில் எடுத்துப் போட்டேன். 100 லிட்டர் வைத்தால், 25 ஆண்டு கழித்து ஸ்காட்லாந்தில் 60 லிட்டர் மிஞ்சும். 12 சதவீதக் கணக்கில் பெங்களூரில் 4 லிட்டர். முதலுக்கே மோசம்!

ஆனால் சூட்டில் மரம் வேகமாக வேலை செய்கிறது. நாலைந்து ஆண்டிலேயே பதம் வந்துவிடுகிறது. ஆகவே அம்ருத் வயதை விற்கவில்லை. லேபிளில் ஆண்டு எண் போடாமல், 2004 ஆகஸ்டில் நேரே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே சரக்கை இறக்கினார்கள். திருநெல்வேலிக்கே அல்வா! 2010-இல் ஜிம் மர்ரி என்ற ஆங்கில விமர்சகர் அவர்களுடைய ‘ஃப்யூஷன்’ விஸ்கியை உலகில் மூன்றாவது என்று எழுதினார். 2013-இல் 8 ஆண்டு வைத்த ஒன்றை வெளியிட்டார்கள். கிடைத்தது 144 புட்டிதான். பெயர் ‘பேராசைத் தேவதைகள்’.

2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஸ்காட்ச் மீதான 150 சதவீதச் சுங்க வரி முதலில் 75 ஆகவும் பத்தாண்டில் 40 ஆகவும் இறங்கவேண்டும். 18, 25 என்று எண் போட்ட புட்டிகள் மலிந்து வரும்போது, எண் இல்லாத புட்டி பக்கத்தில் எப்படி நிற்கப் போகிறதோ. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான்.

என் கதைக்கு வருகிறேன். 1997-இல் நொச்சிக்குப்பத்தில் கடலுக்கு நாலு எட்டில் ஒரு கிடங்கு மலிவாக வாடகைக்குக் கிடைத்தது. 200 மூட்டை பொன்னி அடுக்கினேன். புது அரிசி பழசானால் விலை கூடும் என்ற எண்ணம். ஐலாவில் கடற்காற்று சரக்குக்குப் பெருமை. எனக்கு அது அடி வரிசை மூட்டைகளில் ஈரம் ஏற்றி, அரிசியைக் கட்டியாக்கி, மக்கல் வாடை அடிக்க வைத்தது. பக்கத்து மீனவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மழை மாசத்துல கருவாட்டையே நாங்க இங்க வெக்கமாட்டோம் மொதலாளி, நீங்க அரிசிய வெச்சிருக்கீங்களே” என்றார். அதை அவரிடம் முன்பே கேட்டிருக்கலாம். வாடகை, வட்டி, சேதாரம் எல்லாம் போட்டால், புதுசாகவே தள்ளியிருந்தால் வந்திருக்கக்கூடிய காசுகூடத் தேறவில்லை.

அன்று முதல் மூட்டைக்கு ஒரு சீட்டு. வந்த தேதி, வந்த எடை. மாதம் ஒரு தரம் பத்து மூட்டையை இறக்கித் தராசில் போடுகிறேன். “அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேப்பா” என்கிறான் மகன். கம்ப்யூட்டரில் மூட்டை 50 கிலோவாகவே இருக்கிறது. தராசில் 49-தான் நிற்கிறது.