‘வாங்க, நாம் சாப்பிடலாம்!’ – பிலிப்பைன்ஸில் எங்கள் மூன்று வருடங்கள்



சிங்கப்பூரில் பிலிப்பினோ மக்களைப் பார்க்காதவர் யார்? ஆஸ்பத்திரி வார்டில், கடைகளில், ஞாயிற்றுக்கிழமையானால் ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் எங்கும் அவர்கள்தான். சிரித்த முகம், ஒரு பாட்டு, கையில் செல்போன். “இவங்களுக்குக் கவலையே கிடையாதோ?” என்று நாம் கேட்டிருப்போம்.

வார்டில் அவர்களோடு வேலை பார்த்த தமிழ் நர்சுகள் நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எங்களோடு இருந்த ஒரு பிலிப்பினோ நர்ஸ், இடைவேளை வந்ததும் போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பேசிச் சிரித்தபடியே சாப்பிடுவார். “சாப்பிடற நேரத்தில்கூட போனா?” என்று நாங்கள் எங்களுக்குள் முணுமுணுத்தோம். அந்த முணுமுணுப்புக்குப் பதில் கிடைக்க, நாங்கள் அவர்கள் நாட்டுக்கே போக வேண்டியிருந்தது.

குடும்பத் தலைவருக்கு லாஸ் பான்யோஸ் ஊரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், மக்கிலிங் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். வெந்நீர் ஊற்றுகள் இருப்பதால் ஸ்பானியர் வைத்த பெயர் அது. 1960-ல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்தார். மூன்று வருடம் அங்கே குடும்பமாக வாழ்ந்தோம்.

‘பும்பாய் வர்றாங்க!’

முதல் வாரம் தெருவில் நடந்தால் குழந்தைகள் எங்களைப் பார்த்து “பும்பாய்!” என்று கத்திவிட்டு ஓடினார்கள். இந்தியர் யாராக இருந்தாலும் அங்கே ‘பும்பாய்’தான். பம்பாய் என்ற பெயர்தான் அப்படி ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுக்கும் வட இந்தியர்களை எல்லா ஊரிலும் தெரியும். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்கே ‘ஐந்து-ஆறு’ என்று பெயர். நம் ஊரில் பூச்சாண்டி என்பதுபோல, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை “பும்பாய் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போவார்” என்று பயமுறுத்துவார்கள். “நீங்களும் கடன் கொடுப்பீர்களா?” என்று எங்களிடமே இரண்டு பேர் கேட்டார்கள்!

ஆனால் அந்தப் பயம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அங்கே அந்நியராகவே இருந்துவிட முடியாது. கடைக்காரர் முதல் காய்கறிக்காரர் வரை, பெண்ணை ‘ஆத்தே’ என்றும் ஆணை ‘குயா’ என்றும்தான் கூப்பிடுகிறார்கள். நம் அக்கா, அண்ணன்தான். பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் ‘போ’ என்று சேர்க்க வேண்டும், அது நம் ‘ங்க’ மாதிரி. வீட்டுக்கு வந்த பாட்டியின் கையைப் பிடித்துப் பிள்ளைகள் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். ‘மானோ’ என்கிற அந்த ஆசீர்வாதத்தை எங்கள் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

ஜீப்னியில் ஏறினால் இன்னொரு பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிச் செய்ததில் தொடங்கிய வண்டி அது. கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் “பாயாத் போ” என்று காசை நீட்டினால், முன்பின் தெரியாத ஐந்தாறு கைகள் வழியாக அது டிரைவரிடம் போகும். மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு தடவைகூட எங்களுக்குச் சில்லறை குறைந்ததில்லை.

காமியும் தாயோவும்

பக்கத்து வீட்டில் ஒரு லோலாவும் ஏழு வயதுப் பேரனும் இருந்தார்கள். லோலா என்றால் பாட்டி. முதல் வாரம் நாங்கள் அவர்கள் வாசலைத் தாண்டும்போது, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த லோலா “காயின் தாயோ!” என்றார். ஏதோ வணக்கம் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டோம். அதற்கு “வாங்க, சாப்பிடலாம்” என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பிடும்போது யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். முதல் தடவை சொல்வது மரியாதைக்கு. சிரித்து நன்றி சொன்னால் போதும். இரண்டாம் தடவையும் சொன்னால் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள், உட்கார்ந்துவிட வேண்டும்.

உட்கார்ந்தோம். சோறு, பொரித்த கருவாடு, புளி போட்ட ‘சினிகாங்’ சூப். நாகர்கோவிலில் சாப்பிடுவது போலவே இருந்தது. மாம்பழத்தைக் காட்டி லோலா “மாங்கா” என்றார். நம் ‘மாங்காய்’தான் மலாய் மொழி வழியாக அங்கே போயிருக்கிறது.

மொழியில் இன்னொன்றும் கவனித்தோம். ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல்தான். நமக்கோ ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. தகாலாக் மொழியிலும் அப்படியே. ‘காமி’ என்றால் நாங்கள், ‘தாயோ’ என்றால் நாம். அப்படியானால் “காயின் தாயோ” என்பதில் கேட்கிறவரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்!

அந்த ஷூ

லோலாவின் மகள் சவுதியில் நர்ஸ். பேரனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனவர். அந்தத் தெருவில் மட்டும் இப்படி ஐந்து வீடுகள் இருந்தன. 1974-ல் மார்க்கோஸ் ஆட்சியில் வந்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசாங்கத் திட்டமாகவே ஆக்கியது. ஐம்பது வருடமாக அந்த நாடு அம்மாக்களையும் அப்பாக்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஒருநாள் இரவு 7 மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். சவுதியில் அப்போது மதியம் 2 மணி. மேசையில் சோற்றுப் பானைமேல் போன் சாய்ந்திருந்தது. திரையில் யூனிபார்மோடு அம்மா, கையில் ரொட்டி. பையன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு “காயின் தாயோ, மாமா!” என்றான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் வார்டு நர்ஸ் போனில் யாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் புரிந்தது.

அந்த மாதம் அம்மா அனுப்பிய ‘பாலிக்பாயன்’ பெட்டி வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட் எல்லாம் சேர்த்துக் கப்பலில் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி அது. உள்ளே பையனுக்கு ஒரு ஷூ. பேப்பரில் வரைந்து அனுப்பிய பாத அளவுக்கே வாங்கியிருந்தார். ஆனால் வாங்கி, பெட்டி நிறைந்து, கப்பல் வருவதற்குள் கால் வளர்ந்துவிட்டது. ஷூ பிடித்தது. அன்று இரவு அம்மா கேட்டபோது பையன், “சரியா இருக்கு மாமா” என்றான். லோலா எங்களைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் மூத்த மகளிடம் கேட்டோம். நாங்கள் சிங்கப்பூரில் ஷிப்டு மாற்றி ஷிப்டு ஓடியபோது, இரண்டு வருடம் அவள் நாகர்கோவிலில் பாட்டி வீட்டில் இருந்தாள். “அப்போ நாங்க அனுப்பின ஷூ சரியா இருந்துச்சா?”

“ரெண்டு தடவை டைட்டா இருந்துச்சு. பாட்டி சொல்லக்கூடாதுன்னாங்க” என்றாள்.

அந்த இரண்டு வருடமும் நாங்கள் போனில் கேட்டதெல்லாம் “படிச்சியா? எத்தனை மார்க்?” என்பதுதான். ஒரு வேளைகூட அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

செப்டம்பரில் தொடங்கும் கிறிஸ்துமஸ்

அங்கே செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கிறது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலை ஆராதனை, ‘சிம்பாங் காபி’. இருட்டிலேயே எழுந்து போவார்கள். முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் ‘புத்தோ பும்போங்’ சூடாக விற்பார்கள். தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் போட்டு, பார்க்க நம் குழாய்ப் புட்டேதான்!

எல்லார் வாசலிலும் ‘பரோல்’ என்னும் நட்சத்திர விளக்கு தொங்கும். லோலா வீட்டு நட்சத்திரம் ஜனவரி முடிந்தும் இறங்கவில்லை. மகளுக்குப் பிப்ரவரியில்தான் லீவு. அவர் வருகிற வரை அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் முடியாது.

தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் வேலையிடத்திலும் பிலிப்பினோ நண்பர்கள் இருப்பார்கள். அவர்கள் சிரிப்பதைக் கவலை இல்லாததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் “காயின் தாயோ” என்று இரண்டாம் தடவை சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள். ஊரில் உங்கள் பாட்டியோ தாத்தாவோ தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்றால், இன்று இரவே உங்கள் மேசையிலும் போனைச் சாய்த்து வையுங்கள். நாங்கள் இப்போது ஞாயிறுதோறும் நாகர்கோவில் பாட்டியோடு அப்படித்தான் சாப்பிடுகிறோம். அங்கே மதியச் சாப்பாடு, இங்கே சாயங்காலப் பலகாரம். முதல் வாரம் பாட்டி, “என்னத்துக்கு இது?” என்றார்கள். இப்போது கொஞ்சம் தாமதமானாலும் அவர்களே கூப்பிட்டுவிடுகிறார்கள்: “என்ன, நாம சாப்பிட வேண்டாமா?”