2¼ கோடி ரூபாய் வீரர் விழுந்தார். பேர் தெரியாத பையன்கள் தூக்கி நிறுத்தினார்கள்!

ஸ்ரீபெரும்புதூர்,

கபடி சீசன் வந்துவிட்டால் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்சுக்கு நிற்பவர்கள் கையில் செல்போன். வாயில் ஒரே கேள்வி. "தலைவாஸ் இன்னிக்காவது ஜெயிச்சுதா?"

அந்த "இன்னிக்காவது"க்குள் எட்டு சீசன் வயிற்றெரிச்சல் இருக்கிறது!

புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது 2017-ல். கூட்டாளிகளில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். கேப்டன், 2016 உலகக் கோப்பையை வாங்கித் தந்த அஜய் தாக்கூர். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் தன் பிரிவில் கடைசி இடம்.

2018-ல் சென்னையில் முதல் ஆட்டம். மூன்று முறை சாம்பியனான பாட்னாவை 42-26 என்று சக்கைபோடு போட்டு சாய்த்தார்கள். ஸ்டேடியமே எழுந்து ஆடியது. சீசன் முடிவில் பார்த்தால்? மறுபடியும் கடைசி!

2019-ல் ராகுல் சௌத்ரியை 94 லட்சம் கொடுத்து இழுத்து வந்தார்கள். அவர், அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லார் என்று மூன்று மலைகள் ஒரே அணியில். 12 அணிகளில் 12-வது இடம். பெரிய பேர்களை அடுக்கிவிட்டால் அணி ஆகிவிடுமா?

கொரோனாவால் 2020-ல் லீக் இல்லை. அடுத்து வந்த சீசனில் 11-வது இடம். ஒரு படி ஏற்றம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

முதல் நாளே இடி

2022-ல் பவன் செராவத்தை ரூ.2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார்கள். அதுவரை கபடியில் யாருக்கும் கிடைக்காத விலை. அக்டோபர் 8-ந் தேதி குஜராத்துடன் முதல் ஆட்டம். எதிராளியைப் பிடிக்கப் போன பவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அத்தோடு அந்த சீசனே அவருக்கு முடிந்தது. பயிற்சியாளர் உதயகுமாரும் நடுவில் விலக, அசன்குமார் வந்தார்.

அவ்வளவுதான், கதை கந்தல் என்று எல்லோரும் கையை விரித்த நேரம். அப்போதுதான் நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போக ஆரம்பித்தான். முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள்! பின்னால் பிடி போட சாகர், கேப்டனாக. ஐந்தாவது இடம் பிடித்து, நாக்-அவுட்டில் உ.பி. அணியோடு 36-36 சமன். டை-பிரேக்கரில் 6-4 வெற்றி. அரையிறுதியில் புனேவிடம் தோற்றது வெறும் 2 புள்ளியில்: 39-37.

அடுத்த வருஷம் அணியைக் கலைக்கவில்லை. அதே கோச், அதே பையன்கள். ஆனாலும் 9-வது இடம். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம் என்பது இந்த நிருபரின் எண்ணம். பொறுக்கவில்லை. 2024-ல் கோச் மாற்றம், சச்சின் தன்வாருக்கு 2 கோடியே 15 லட்சம். மறுபடியும் 9-வது! 2025-ல் பவனே திரும்பி வந்தார். சீசன் நடுவிலேயே அணியை விட்டுப் போனார். அர்ஜூன் தேஷ்வால் கேப்டன் ஆனார்.

தலைவாசோடு 2017-ல் சேர்ந்த மற்ற புது அணிகள்? குஜராத் முதல் இரண்டு சீசனிலும் இறுதி ஆட்டத்துக்குப் போனது. அரியானா 2024-ல் கோப்பையே தூக்கியது.

மண்ணும் மேட்டும்

"தமிழ்" என்று பேர். ஏலத்தில் பெரிய விலை போவதெல்லாம் வடக்கத்தி வீரர்களுக்கு. நம்ம பசங்க இல்லாமல் இல்லை. முதல் சீசனில் அஜய் தாக்கூருக்குத் தோள் கொடுத்தவர் நம்ம ஊர் பிரபஞ்சன்தான். ஆனால் கிராமத்தில் வெறுங்காலோடு மண்ணில் ஆடிப் பழகியவனுக்கு, லீக்கில் ஷூ போட்டு மேட்டில் ஆட வேண்டும். அதற்குப் பழக மாதக் கணக்கில் முகாம் வேண்டும். கான்டிராக்ட் வேலையில் இருக்கிற பையன் ஒரு நாள் வரவில்லை என்றாலே அன்றைய சம்பளம் போச்சு. ஒரு மாதம் போனால் திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.