டெங்கு வந்ததே இல்லையா?

மதுரையில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களை வீட்டு வாசலே காட்டிக்கொடுத்துவிடும். நீல டிரம், சிமென்ட் தொட்டி, வரிசையாகக் குடங்கள். டார்ச் லைட்டோடு வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை எடுத்தால், "குடிக்கிற தண்ணிக்கா, ஊத்தாதீங்க" என்று வீட்டுக்காரர்கள் தடுப்பார்கள். "எங்க வீட்ல யாருக்கும் டெங்கு வந்ததே இல்ல" என்பதும் கூடவே வரும்.

ரத்தம் வேறு கணக்குச் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் 2017-18இல் 15 மாநிலங்களில், 5 முதல் 45 வயதுள்ள சுமார் 12,300 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தேடியது வைரஸை அல்ல, அது வந்துபோனதற்கு அடையாளமான எதிர்ப்புப் புரதத்தை. நாடு முழுவதும் 48.7 சதவீதம் பேரிடம் அது இருந்தது. தமிழ்நாடு அடங்கிய தென்பகுதியில் 76.9 சதவீதம், வடகிழக்கில் வெறும் 5.1. நகரங்களில் 70.9, கிராமங்களில் 42.3.

2017இல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகளோ சுமார் 23 ஆயிரம் பேர்தான். முரண் ஒன்றுமில்லை. பதிவேடு ஓர் ஆண்டுக் கணக்கு, ரத்தம் ஆயுள் கணக்கு. தவிர, தொற்றியவர்களில் நாலில் மூன்று பேருக்கு அறிகுறியே இருக்காது, அல்லது லேசான காய்ச்சலோடு போய்விடும்.

மழை பெய்தால்தான் டெங்கு என்பது பாதி உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் பொத்திப் பொத்திச் சேர்க்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். வைகை வறண்டு டிரம்கள் பெருகினால் அதற்குக் கொண்டாட்டம். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனவருக்கு இன்னொரு வகை தொற்றும்போதுதான் ஆபத்து கூடுகிறது. பிலிப்பைன்ஸ் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2016இல் தொடங்கி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். டெங்குவே வந்திராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி முதல் தொற்றைப்போல வேலை செய்து, பிறகு வரும் நிஜத் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 இறுதியில் தெரியவந்தது; திட்டம் நின்றது. ஆளாளுக்கு ரத்தம் பார்க்காமல் அந்த ஊசியைப் போடுவதென்றால், 9 வயதுக்குள் 80 சதவீதம் பேருக்காவது டெங்கு வந்துபோன பகுதியாக இருக்க வேண்டும் என்றது உலக சுகாதார நிறுவனம். 2017-18 ரத்த ஆய்வின்படி, இந்தியாவில் 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் டெங்கு வந்துபோன அடையாளம் இருந்தது 41 சதவீதம் பேரிடம்.