கட்டிலுக்கு அடியில ஒரு விருந்தாளி

போன வாரம் எபிசோட் வரலை. காரணம், எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில படுத்திருந்த செவலை. கோட்டுச்சேரிமேடு கடற்கரையில, கரையேத்தி வச்ச படகுக்கு அடியில கால்ல காயத்தோட கிடந்த பெண் நாய். காயம் ஆறி, தத்தெடுக்க ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும் நான் வச்சுப் பார்த்துக்கறேன். இதைத்தான் ஃபாஸ்டரிங்னு சொல்றாங்க.

முதல் நாளே ஒரு தப்பு பண்ணேன். தடவிக் கொடுத்தா பயம் போயிடும்னு நினைச்சு கட்டிலுக்கு அடியில கையை விட்டேன். ஒரே உறுமல். நல்லவேளை, பல் படலை. பட்டிருந்தா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, உடனே தடுப்பூசிக்குப் போயிருக்கணும்.

"விடுடா, அதுக்கா தோணும்போது வரும்"னு அம்மா சொன்னாங்க. அது ஏன் சரின்னு புரிய ஒரு பழைய கதை உதவும்.

பாவ்லோவ்னாலே மணி, எச்சில்னுதான் நமக்கு ஞாபகம் வரும். 1924 செப்டம்பர்ல லெனின்கிராட்ல பெரிய வெள்ளம். அவரோட ஆய்வுக்கூட நாய்க் கூண்டுகளுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. நாய்களைக் கடைசி நேரத்துலதான் காப்பாத்தினாங்க. அப்புறம் பார்த்தா, சில நாய்களுக்குப் பழகின பயிற்சியே மறந்துபோச்சு. மெல்ல தேறி வந்த ஒரு நாயோட அறைக்குள்ள, கதவுக்கு அடியில கொஞ்சம் தண்ணியை ஓடவிட்டாங்க. அவ்வளவுதான், பழைய பயம் திரும்பிடுச்சு.

2004 சுனாமியைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். பயம் பிடிவாதம் இல்லை, உடம்புல தங்கிப்போன ஞாபகம். அதட்டினாலும் போகாது, கொஞ்சினாலும் போகாது. "வேணாம்னா விலகிக்கலாம்"னு நாய்க்குத் தெரியணும். அப்பதான் பயம் இறங்கும்.

அதனால ரெண்டாம் நாள்லருந்து நான் தரையில பக்கவாட்டா உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்த்தேன். அவளை நேரா பார்க்கலை. முள் எடுத்த வேகவச்ச மீனை அவளுக்குப் பின்பக்கமா தூக்கிப் போட்டேன். சாப்பிட என்கிட்ட வர வேண்டியதில்லை, தள்ளிப் போனாலே போதும். டைல்ஸ் தரை வழுக்குச்சு, சாக்கு விரிச்சோம்.

அடுத்தது மிக்ஸி. கதவைச் சாத்திட்டு ரெண்டு செகண்ட் ஓட்டணும், உடனே மீன் தரணும். வரிசை முக்கியம். மீனை முதல்ல கொடுத்தா, "மீன் வருது, அடுத்து சத்தம் வரப்போகுது"ன்னு கத்துக்கும். சாப்பிடாம ஒதுங்கினாலோ, உதட்டை நக்கிக்கிட்டே இருந்தாலோ, நாம அவசரப்படறோம்னு அர்த்தம்.

பதட்டம் அடங்க 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம்ம வீடுன்னு தோண 3 மாசம்னு நாய் வளர்க்கறவங்க ஒரு கணக்கு சொல்வாங்க. தோராயக் கணக்குதான். செவலை தானா வெளிய வந்து என் முழங்கால்ல மூக்கை வைக்க 19 நாள் ஆச்சு.

இப்பதான் கஷ்டமான வேலை. என்னை மட்டும் நம்பினா, அடுத்த வீட்ல திரும்பவும் கட்டிலுக்கு அடியிலதான் போவா. அதனால இப்போ அம்மா சோறு வைக்கறாங்க, பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்றாங்க. நான் கொஞ்சம் தள்ளி இருக்கேன். மனசு கேட்கலை, ஆனா ஃபாஸ்டரிங்னா அதுதான்.

அவ போகும்போது அந்தச் சாக்கைத் துவைக்காம கூட அனுப்பிடுவேன். புது வீட்ல பழகின வாசனை ஒண்ணாவது இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!