இருளில் மறைந்த ஒளிச் சக்தி எங்கே?

ஒளியோடு ஒளி சேர்ந்து சில இடங்களில் இருள் உண்டாகும் என்று வகுப்பில் கூறியவுடன், "அவ்விடத்திற்கு வந்த சக்தி என்னவாயிற்று, ஐயா?" என்று கூர்மதியுள்ள மாணவன் ஒருவன் வினவுதல் இயல்பே. சக்தி அழிவதில்லை என்ற விதியை முந்திய பாடத்தில் கற்பித்த ஆசிரியர், இவ்வினாவைத் தீர்க்காது மேற்செல்லலாகாது.

1803-ஆம் ஆண்டில் தாமஸ் யங் என்ற அறிஞர் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் ஒரு சோதனையை விவரித்தார். சிறு துளை வழியே அறையினுள் வந்த சூரிய ஒளிக்கற்றையின் குறுக்கே, ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை அவர் பிடித்தார். அதன் நிழலினுள் ஒளியும் இருளும் மாறிமாறிப் பட்டைகளாகத் தோன்றின. அட்டையின் ஒருபுறத்து ஒளியை மறைத்ததும் அப்பட்டைகள் மறைந்தன. ஆகவே, இருபுறத்து அலைகளும் கூடியதாலேயே அவை உண்டாயின என்பது தெளிவாயிற்று. முகடும் முகடும் சேருமிடம் ஒளிரும். முகடும் அகடும் சேருமிடம் இருளும்.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமமான வீச்சுடைய இரண்டு அலைகளில், ஒவ்வொன்றும் தனித்து வரும்பொழுது ஒளிச்செறிவு 1 என்று கொள்க. செறிவு வீச்சின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. முகடுகள் ஒன்றுசேருமிடத்தில் வீச்சு இருமடங்காகும். எனவே செறிவு 2 அன்று, 4 ஆகும். இருண்ட பட்டையின் நடுவில் அது 0. பட்டைகள் முழுவதற்கும் சராசரி கண்டால் 2 கிடைக்கிறது. இரண்டு அலைகளும் கொணர்ந்த சக்தியும் 1 + 1 = 2 அன்றோ? இருண்ட பட்டையில் குறைந்த சக்தி, அண்டையிலுள்ள ஒளிப்பட்டையில் கூடியிருக்கிறது.

ஒளிப்பட்டையே தோன்றாத சந்தர்ப்பமும் உண்டு. தொலைநோக்கி வில்லைகள் சிலவற்றைச் சாய்த்துப் பார்த்தால் இளநீலச் சாயல் தென்படும். அது மக்னீசியம் புளோரைடு போன்ற பொருளாலான மெல்லிய பூச்சின் விளைவாகும். பூச்சினுள் ஒளியின் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கே அதன் தடிப்பு. பூச்சின் மேற்புறத்தினின்றும் அடிப்புறத்தினின்றும் மீளும் அலைகள் முகடும் அகடுமாகச் சேர்ந்து, பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்குகின்றன. பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடிப் பரப்பு சுமார் 4 விழுக்காடு ஒளியைப் பிரதிபலிக்கும். இப்பூச்சு இடப்பட்டால், அதற்குரிய அலைநீளத்தில் அது சுமார் 1.3 விழுக்காடாகக் குறையும். குறைந்த பங்கு வில்லையினுள் ஊடுருவிச் சென்று, காணும் உருவத்தின் பொலிவை மிகுவிக்கிறது.

எனவே, அலைகள் ஒன்றையொன்று "அழிக்கின்றன" என்று மட்டும் கூறி நிறுத்துதல் மாணவரை மயக்கும். ஓரிடத்தில் சக்தி குறைந்தால், அது வேறெங்கே கூடியது என்று அவர்களையே தேடிக் காணச் செய்தல் நலம்.