சுவரில்லாத செல்

“ரத்தத்தில் வெள்ளை செல் கூடியிருக்கிறது என்கிறார் டாக்டர். ரிமோட்டில் செல் தீர்ந்துவிட்டது என்கிறான் பேரன். செல்லை எடுத்துப் பேசுங்கப்பா என்கிறாள் மகள். எல்லாம் ஒரே செல்லா?” என்று ஒரு வாசகர் அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். பட்டியலைப் பாதியில் நிறுத்திவிட்டார். சோலார் செல் இருக்கிறது. எக்செலில் கட்டத்துக்குக் கட்டம் செல். கைதியை அடைப்பது செல். கட்சிக்குக் கட்சி ஐ.டி. செல். பட்டா கிடைக்காதவர்கள் மனுப் போடுவது சி.எம். செல்லுக்கு. போதாக்குறைக்கு ‘ஸ்டெம் செல்’ முகக் கிரீம் வேறு விற்கிறார்கள்; கடைத் தட்டில் மாதக்கணக்கில் கிடக்கும் குப்பிக்குள் எந்தச் செல்லும் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். தமிழில் கறையானுக்கும் செல் என்று பெயருண்டு. செல்லரித்த ஏட்டில் இருப்பது அந்தச் செல். அது வேறு குடும்பம்.

வரலாறு இல்லாமல் அனுப்பினால் ஆசிரியர் திருப்பியனுப்புவார் என்பதால் ஒரே ஒரு பத்தி. லத்தீனில் ‘செல்லா’ என்றால் சிற்றறை, சரக்கு வைக்கும் உள்ளறை. 1665-இல் லண்டனில் ராபர்ட் ஹூக் ஒரு தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த குழிகளுக்குச் செல் என்று பெயரிட்டார். துறவிகளின் அறைகள் நினைவுக்கு வந்ததாகப் பாடப்புத்தகங்கள் கதை சொல்லும். ‘மைக்ரோகிராபியா’வில் அவர் அங்கே ஒப்பிடுவது தேன்கூட்டுடன். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேல் செல்கள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அவர் பார்த்தது உயிரில்லாத வெறும் சுவர்களைத்தான். மின்சாரத்திலும் இதே கதை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆறு மூடிகள் இருக்கும். உள்ளே தடுப்புச் சுவரோடு ஆறு அறைகள். அறைக்கு 2 வோல்ட். ஆக மொத்தம் 12. ஒவ்வோர் அறையும் ஒரு செல். சிறைச் செல்லின் சுவரை விளக்க வேண்டியதில்லை.

சுவர்தான் குடும்ப அடையாளம் என்றால் செல்போனில் அது எங்கே? ஸ்கைசெல், ஏர்செல், செல்ஒன் என்று வரிசையாகப் பெயர் வைத்து விற்றார்களே, அந்தச் செல் கைக்கருவிக்குள் இல்லை. அது நிலப்பரப்பு. கையில் போனோடு நாம் அதற்குள் நிற்கிறோம். அந்த நிலப்பரப்பைச் சுற்றி வேலி, சுவர், கோடு எதுவும் கிடையாது. சுவரே இல்லாமல் அறை கட்டிய அந்த வித்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

செல் வருவதற்கு முன்பும் காருக்குள் தொலைபேசி இருந்தது. ஊரின் உயரமான இடத்தில் ஒரே ஒரு கோபுரம். அது அலறுவது ஊர் முழுக்கக் கேட்கும். ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அந்த ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது. 1976-இல்கூட நியூயார்க் வட்டாரத்தில் பெல் நிறுவனத்தின் இந்தச் சேவைக்கு இருந்தவை 12 அலைவரிசைகள். வாடிக்கையாளர்கள் கிட்டத்தட்ட நம் மக்களவை உறுப்பினர்கள் அளவுக்கு; காத்திருந்தவர்கள் 3,700 பேருக்கும் மேல். அலைக்கற்றையின் அருமை நம் நாட்டுக்கு நன்றாகவே தெரியும். அது புதிதாக விளைவதில்லை. இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் உண்டு.

அதற்கு வழி சொன்ன தாள் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் தயாரானது. எழுதியவர் டக்ளஸ் ரிங். அறுகோணக் கட்டங்கள் டபிள்யூ. ரே யங்கின் யோசனை. ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதில் பல சிறிய கோபுரங்கள், ஒவ்வொன்றும் தாழ்ந்த குரலில் பேசட்டும் என்றார்கள்.

இதற்கு ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; கோயில்தான் கோபுரம், பாட்டுதான் அலைவரிசை. தெருவுக்கு ஒரு அம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு மைக் செட். ஊர் முழுமைக்கும் இருப்பவை ஏழே பாட்டுகள். அடுத்தடுத்த இரண்டு கோயில்களில் ஒரே பாட்டு இரண்டு வரி முன்பின்னாக ஓடினால் காது குழம்பிவிடும். பல்லவியா சரணமா என்று தெரியாது. அடுத்த கோயிலில் வேறு பாட்டென்றால் அதைக் காது ஒதுக்கிவிடும். நம் தெருப் பாட்டே நாலைந்து தெரு தள்ளி ஓடினாலும் பாதகமில்லை. நம் ஸ்பீக்கர் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். ஆகவே நடுவில் ஒரு கோயில், சுற்றி ஆறு என்று ஏழு பாட்டுகளைப் பங்கிட வேண்டும். அந்த ஏழின் தொகுப்பை ஊர் முழுக்க அச்சடித்தாற்போலப் பரப்ப வேண்டும். நம் பாட்டு தேய்ந்து அடுத்த கோயில் பாட்டு ஓங்கும் இடம் இருக்கிறதே, அதுதான் செல்லின் சுவர். யாரும் கட்டியதில்லை. தூரத்தால் சத்தம் குறைவது ஒன்றே செங்கல்லும் சிமென்டும்.

ஏழு என்றதும் ஏழு ஸ்வரம், ஏழு கன்னிமார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கணக்கு இருக்கிறது. தரையை ஒட்டிப் போகும் ரேடியோ அலை, தோராயமாகத் தூரத்தின் நான்காம் அடுக்கில் தேயும். தூரம் இரண்டு மடங்கானால் வலு 16-இல் ஒரு பங்கு. அறுகோணங்களை ஏழேழாக அடுக்கினால், அதே அலைவரிசையுள்ள அடுத்த கோபுரம், செல்லின் ஆரத்தைப் போல 4.6 மடங்கு தள்ளி விழும். 4.6-இன் நான்காம் அடுக்கு சுமார் 440. அப்படித் தொல்லை தரும் கோபுரங்கள் சுற்றிலும் ஆறு. ஆறால் வகுத்தால் 73. அதாவது, செல்லின் ஓரத்தில் நிற்பவருக்கும் வேண்டிய குரல், வேண்டாத குரல்களின் கூட்டைப் போல 73 மடங்கு வலுவாகக் கேட்கும். அன்றைய அனலாக் போனில் பேச்சு தெளிவாக இருக்கச் சுமார் 63 மடங்கு போதும். தேறிவிட்டது. நான்கு நான்காக அடுக்கினால் 24 மடங்குதான் வரும், தேறாது.

இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஆரம் எத்தனை கிலோமீட்டர் என்று எங்கேயும் கேட்கவேயில்லை! விகிதம் மட்டும்தான் வருகிறது. செல் 10 கிலோமீட்டராக இருந்தாலும் 200 மீட்டராக இருந்தாலும் அதே 73. எனவே எல்லாக் கோயில்களும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, நடுநடுவே புதுக் கோயில்கள் முளைத்தால், அதே ஏழு பாட்டுகளை வைத்தே இன்னும் பலமுறை ஊரை நிரப்பலாம். ஆரத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசி. அதே ஊரில் நான்கு மடங்கு செல்கள், நான்கு மடங்கு பேச்சு. 70 அலைவரிசைகளை ஒற்றைக் கோபுரத்தில் வைத்தால் ஒரே நேரத்தில் 70 பேர். அதையே செல்லுக்குப் பத்தாகப் பிரித்து 700 செல்களில் விதைத்தால் 7,000 பேர். அலைக்கற்றை ஒரு துளியும் கூடவில்லை. எனக்கு இதைவிட அழகான கூட்டல் கழித்தல் தெரியாது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். கூழ் வாங்கத் தூக்குவாளியோடு ஓர் அத்தை தெருத் தெருவாகப் போகிறார். ஒரு கோயிலின் எல்லை முடியும் இடத்தில் அவர் காதில் ஒரு பாட்டு நின்று, அடுத்த பாட்டு விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும். அதற்கு மைக் செட்காரர்கள் எல்லோருக்கும் தலைமையாக ஒருவர் உட்கார்ந்து, அத்தை எந்தக் கோயிலுக்குப் பலமாகக் கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆமாம், அத்தையும் பதிலுக்குப் பாட வேண்டும். அங்கேதான் உவமைக்கு மூச்சு வாங்குகிறது. இந்தக் கைமாற்றலுக்குப் பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். 1947-இல் தாளில் இருந்தது 1979-இல் டோக்கியோவிலும் 1983-இல் சிகாகோவிலும்தான் வியாபாரமானது என்றால், இதற்கேற்ற வேகத்தில் இயங்கும் கணினிக்காகக் காத்திருந்ததும் ஒரு காரணம். 1995 ஜூலையில் கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லிக்குப் பேசியபோது செல்போன் இந்தியாவுக்கு வந்தது.

மூன்றாம் தலைமுறை (3ஜி) வந்தபோது பக்கத்துக் கோயில்களும் ஒரே பாட்டைப் போட்டுக்கொள்வது பரவலாகிவிட்டது. பிரித்தறியும் வேலையைச் சங்கேதக் கணக்குகள் பார்த்துக்கொள்கின்றன. ஏழின் ஆட்சி முடிந்தது. ஆனால் 5ஜி, 6ஜி என்று விளம்பரங்கள் என்ன முழங்கினாலும், நெரிசலுக்கு மருந்து இன்னமும் பெரும்பாலும் பழையதுதான்: செல்லைச் சின்னதாக்கு, கோபுரத்தை அருகே கொண்டுவா.

அங்கேதான் சண்டை வருகிறது. ‘2.0’ படத்தில் பட்சிராஜன் செல்போன்களைப் பறக்கவிட்ட பிறகு, கதிர்வீச்சுக்குப் பயந்து தெருவில் கோபுரம் கூடாது என்பவர்களுக்குத் தெம்பு கூடிவிட்டது. மேலே சொன்ன தேய்மானம் அவர்களுக்கும் பொருந்தும். சில பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் நமக்கு நெருக்கம். 2ஜி போன் அதிகபட்சம் 2 வாட், 4ஜி போன் சுமார் 0.2 வாட் வெளியிடும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் ‘மெதுவாகப் பேசு’ என்று அதுவே போனுக்கு உத்தரவிடும்; வெளியீடு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கோபுரத்தை ஊருக்கு வெளியே விரட்டியவர்களின் போன்தான் முழு வலுவில் கத்துகிறது.

அஞ்சலட்டையின் ஓரத்தில் வாசகர் இன்னொரு கேள்வியையும் நெருக்கி எழுதியிருக்கிறார்: ரயிலில் போனால் சார்ஜ் ஏன் மளமளவென்று இறங்குகிறது? காரணம் இதேதான். வயற்காட்டில் செல்கள் பெரியவை, கோபுரங்கள் தொலைவில். ரயில் பெட்டியின் இரும்பு, வருகிற சிக்னலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. போன் கத்த வேண்டியிருக்கிறது. போதாததற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செல் மாறுகிறது, புதிதாகத் தேட வேண்டும். படுக்கும்முன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். காலையில் எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கச் சார்ஜ் மிஞ்சும். அலாரம் அடிக்கக் கோபுரம் தேவையில்லை.