கூதிர்க் காலத்துக் கோப்பை

ஐப்பசி பிறந்து அடை மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு விவகாரங்கள் தலை தூக்கும். ஒன்று, கொடியில் போட்ட துணி உலரவில்லை என்பது. மற்றொன்று, மாலை நாலு மணிக்கு அடுப்பில் என்ன வைப்பது என்பது. முதல் விவகாரத்துக்குப் பரிகாரம் சூரிய பகவானிடம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருப்பதால்தான் சண்டை வளர்கிறது. பெரியவர்கள் சுக்கு காப்பி என்பார்கள். பிள்ளைகள் இஞ்சித் தேநீர் என்பார்கள். வீட்டு அம்மாள் ஏலக்காய் என்பாள். காப்பியைத் தவிர மற்றதெல்லாம் கஷாயம் என்று சாதிக்கும் ஒருவரும் எந்த வீட்டிலும் இருக்கவே இருப்பார்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்று அழைத்தார்கள். பெயரைச் சொன்னாலே உடம்பு சற்று நடுங்குகிறதல்லவா? அந்தக் கூதிருக்கு ஏற்ற கோப்பை எது என்பதைத் தீர விசாரித்து விடுவதென்று, சென்ற ஆண்டு நாமும் நம்முடைய சித்திரக்காரரும் தேனிச் சீமைக்குப் பிரயாணமானோம்.

ஏன் தேனிக்கு என்று நேயர்கள் கேட்கலாம். 1996-ல் மதுரை ஜில்லாவிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவராக மேகமலை நிற்கிறது. சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்திருக்கின்றன. மேற்குச் சுவராக நிற்பது ஏல மலை. அந்த மலையின் ஏலக்காய் இறங்கி வந்து விலை போகும் ஊர் போடிநாயக்கனூர். ஆக, தேநீருக்கு வேண்டிய இலையும் அதற்கு வேண்டிய மணமும் ஒரே பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலும் காத்திருக்கின்றன. வழக்கை விசாரிக்க இதைவிடச் சிறந்த நியாய ஸ்தலம் எங்கே கிடைக்கும்?

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலிலேயே போனோம். அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் ஆண்டு இறுதியில் நின்றுபோன ரயில், தேனி வரையில் 2022-லும், போடி வரையில் 2023-லும் மீண்டும் வந்து சேர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மலைகள் மழை முக்காடிட்டுக் கொண்டிருந்தன. தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையில் பெரும் பகுதியை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, இந்தப் பக்கத்துக்குச் சாரலைத்தான் மிச்சம் வைக்கிறது. பள்ளத்தாக்குக்கு மனமார மழை தருவது ஐப்பசி, கார்த்திகைதான்.

பரீட்சை ஆரம்பம்

போடியில் ஒரு நண்பர் வீட்டில் இறங்கினோம். வந்த காரியத்தைச் சொன்னதும் நண்பரின் தாயார் சிரித்துவிட்டார்.

"வந்ததும் வராததுமா என்ன தம்பி பரீட்சை? முதல்ல காலைக் கழுவிட்டு உட்காருங்க. டீ எங்கே ஓடியா போகுது?" என்றார்.

ஆயினும் கூடத்தில் கோப்பைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. தேயிலையை ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நூறு மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம் ஊறல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாமும் முதல் கோப்பைக்கு அந்தக் கணக்கையே பின்பற்றினோம்.

முதற் கோப்பை, பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் மேகமலைத் தேயிலை. நிறம் செப்புப் பாத்திரம் போல் இருந்தது. முதல் வாயில் துவர்ப்பு. இரண்டாம் வாயில் மழை நனைந்த புல்லின் வாசனை போல ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வந்தது. "இது கஷாயம்" என்றார் சித்திரக்காரர். "இலைக்கென்று சொந்த மணம் உண்டு என்பதற்கு இதுதான் சாட்சி" என்று நாம் குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது, நாம் பட்டணத்திலிருந்து கையோடு கொண்டு போயிருந்த பொட்டலத் தேயிலை. உறையின் மேல் ஏலக்காய்ப் படம் பெரிதாகவும், 'வாசனை சேர்க்கப்பட்டது' என்ற வாசகம் சிறிதாகவும் அச்சிட்டிருந்தன. வெந்நீர் பட்டதுதான் தாமதம், கூடம் முழுவதும் மணத்தது! ஆனால், வாயில் வைத்தபோது அந்த மணத்தைக் காணவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டுப் பந்தியில் இடமில்லை என்று சொன்னது போலிருந்தது.

மூன்றாவது, நண்பரின் தாயார் தம் முறைப்படி போட்ட ஏலக்காய்த் தேநீர். இரண்டு காய்களைத் தோலோடு அம்மியில் வைத்து ஒரே தட்டு, கொதிக்கும் நீரில் போட்டு இரண்டு நிமிஷம், பிறகு தேயிலை, கடைசியில் பால். மணம் முன்னால் வரவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து திரும்பி வந்தது. வந்தது போகவும் இல்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஏலக்காயின் தைலம் விதையில் இருக்கிறது. தைல மரத்துக்குக் குளிர்ச்சியான நெடியைத் தரும் அதே சினியோல் என்ற பொருளும், இனிய மணம் தரும் டெர்பினைல் அசிடேட் என்ற பொருளும் அதில் முக்கியமானவை. தோல் இந்தத் தைலத்தைக் காவல் காக்கும் பெட்டி. பெட்டியை உடைத்த கணத்திலிருந்து சரக்கு காற்றோடு போகத் தொடங்குகிறது. ஆகையால் பொடித்து வைத்த ஏலப்பொடியைக் காட்டிலும் அப்போதே தட்டிய காய் மேல்.

நான்காவதான இஞ்சித் தேநீரைப் போடும் பொறுப்பைச் சித்திரக்காரர் வலிய ஏற்றுக்கொண்டார். கொதிக்காத பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சூடேற்றினார், பால் திரிந்தது. பாலைத் திரிக்கும் சத்து ஒன்று பச்சை இஞ்சியில் உண்டு. நன்றாகக் கொதித்தால் அது அடங்கிவிடும். ஆகவே இஞ்சியை முதலில் நீரில் கொதிக்கவிட்டு, பிறகுதான் பால் சேர்க்க வேண்டும். இரண்டாம் தடவை அம்மாளே போட்டார். தடுமனுக்கும் தொண்டைக் கட்டுக்கும் இதமான காரம். ஆனால், இலையின் குணம் இஞ்சிக்கு அடியில் எங்கேயோ ஒளிந்துகொண்டது.

ஐந்தாவது, எலுமிச்சை பிழிந்த வெறும் தேநீர். சாறு விழுந்ததும் கருஞ்சிவப்பு நிறம் பொன்னிறமாக வெளுத்ததைக் கண்டு வீட்டுக் குழந்தைகள் கைகொட்டினார்கள். பகலுக்கு ஏற்றது; மழை இரவுக்கு வலு போதாது என்பது சபையின் அபிப்பிராயம்.

கடைசியாக வந்தது சுக்கு மல்லிக் காப்பி. இதில் காப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. ஆகவே போட்டியில் சேர்க்கலாகாது என்று நாம் ஆட்சேபித்தோம். கருப்பட்டி மணத்தோடு வந்த அதை நாமே இரண்டு கோப்பை குடித்த பிறகு ஆட்சேபத்தை வாபஸ் பெற்றுக்கொண்டோம். இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் காரச் சத்து உருமாறி இன்னும் உறைப்பாகிறது. அதனால்தான் சிறிது சுக்கே பெரிய வேலை செய்கிறது.

1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபடி ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய மகாத்மா காந்தி, தேநீரில் நன்மை என்று ஏதாவது உண்டென்றால் அது வெந்நீரும் பாலும் சர்க்கரையும் தரும் நன்மையே என்று கருதினார். போடியின் சுக்கு காப்பியை அவர் ஒருவேளை மறுத்திருக்க மாட்டார்.

மணம் சேர்த்தவர் யார்?

தேநீரில் மணப் பொருள் சேர்ப்பது இன்று நாகரிகமாக இருக்கிறது. ஆனால், அது ஏழைகள் தொடங்கிய வழக்கம் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கர்ஸன் பிரபு காலத்தில், 1903-ஆம் வருஷம், ஏற்றுமதியாகும் தேயிலைக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு தேயிலை விளம்பரம் செய்யும் ஏற்பாடு பிறந்தது. 1930-களில் உலகச் சந்தை மந்தமானபோது, விற்காத தேயிலைக்கு நம் நாட்டு மக்களையே வாடிக்கைக்காரர்களாக்க முனைந்தார்கள். இலவசக் கோப்பைகள் கொடுத்தார்கள். தேநீர் போடும் முறையைச் சித்திரமாக வரைந்து சுவர்களில் ஒட்டினார்கள்.

தெருக்கடைக்காரர்கள் இலையைக் குறைத்து, பாலையும் சர்க்கரையையும் கூட்டி, இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். விளம்பரம் செய்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை; மணப் பொருள் ஏற ஏற இலைச் செலவு குறையுமல்லவா? ஆயினும் ஜனங்களின் நாக்கே ஜெயித்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மத்தியதர வீடுகளில் காப்பி கூடத்துக்குரியது, தேநீர் உழைப்பாளிக்குரியது என்ற பேதம் இருந்தது. அந்த உழைப்பாளியின் கோப்பைதான் இன்று நம் கூடத்திலும் மணக்கிறது.

விடியற்காலை டீக்கடை

மறுநாள் விடியுமுன் கடைத்தெருவுக்குப் போனோம். தூறல் நிற்கவில்லை. டீக்கடை வாசலில் ஸ்திரீகள் பலர் தூக்குச்சட்டியும் முக்காடுமாக நின்றுகொண்டிருந்தார்கள். சற்றைக்கெல்லாம் ஜீப்புகள் வந்தன. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குத் தினந்தோறும் இப்படி ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சித்திரக்காரர் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். மழை நாளில் மலைப் பாதையில் பாறை உருளும்; சில நாட்களில் வழியே அடைபடும். ஜீப் கவிழ்ந்த செய்திகளை நேயர்களும் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் கண்ணாடித் தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலக்காய் போட்ட டீயா, அம்மா?" என்று கேட்டோம்.

அவர் நம்மை ஒரு தினுசாகப் பார்த்தார். "சாதா டீதான்யா. பொழுதுக்கும் கையில அந்த வாசந்தான். ராத்திரி சோத்தைப் பிசைஞ்சாலும் அதான் மணக்குது. டீயிலயும் அதுவா வேணும்?" என்றார். பிறகு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவர் கையில் ஏன் அந்த மணம் என்பதைச் சொல்ல வேண்டும். ஏலச் செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால், காய் பிடிப்பது தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில். எனவே குனிந்தும் குந்தியும் ஒவ்வொரு காயாகப் பறிக்க வேண்டும். எல்லாக் காய்களும் ஒன்றாக முதிர்வதில்லை. முதிர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, சுமார் நாற்பது நாட்கள் கழித்து அதே சரத்துக்குத் திரும்பி வரவேண்டும். பறிப்புக் காலத்தின் நடுவில் வருவது இந்த அடை மழை. தலையில் இலை நீர் சொட்டும். காலில் அட்டை ஏறும். இப்படிச் சேர்த்த பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை ஒரு நாளுக்கு மேல் இளஞ்சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோவுக்கு விலை என்ன என்பது ஏலத்துக்கே வெளிச்சம்! ஸ்பைசஸ் போர்டின் ஏற்பாட்டில் போடியிலும் இடுக்கியில் புற்றடியிலும் ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரையில் ஏறியது. மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. விலை ஏறினால் நாம் கோப்பையில் காயைக் குறைக்கிறோம். இறங்கினால் தோட்டக்காரர் ஆட்களைக் குறைக்கிறார். இரண்டு விதத்திலும் விடியற்காலை ஜீப்புக்குக் காத்திருப்பவர் அந்த அம்மாள்தான்.

தீர்ப்பு

வழக்கின் தீர்ப்பைச் சொல்லி விடுகிறோம். தடுமன் பிடித்த நாளுக்கு இஞ்சி. வயோதிகர்களுக்கும் தேயிலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சுக்கு மல்லி. நல்ல இலை கிடைத்தால் எதுவும் சேர்க்காத வெறும் தேநீர். ஆனால், வெளியே மழை, உள்ளே விருந்தினர் என்றிருக்கும் மாலைப் பொழுதுக்கு அப்போதே தட்டிய ஏலக்காயை மிஞ்ச ஒன்றுமில்லை. பொட்டல வாசனைக்கு நம் சபை ஓட்டளிக்கவில்லை.

காய் வாங்குவோருக்கு ஒரு யோசனை. பருத்த காய்க்கும் பச்சை நிறத்துக்கும் சந்தையில் விலை அதிகம். ஆனால், தேநீருக்கு வேண்டியது பார்வை அல்ல, மணம். சிறிய காயாயினும் பிளந்து பார்த்தால் விதை கருத்து, சற்றுப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். நிறத்துக்காகச் சாயம் ஏற்றுவோரும் உண்டு. வெந்நீரில் போட்டால் பச்சை கரைந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தோலோடு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது மட்டும் தட்டுங்கள். வாசனைப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசை முழுக் காய்க்குக் கொடுத்தால், அதில் ஒரு பங்காவது மலைக்குத் திரும்பிப் போகும்.

ஊர் திரும்பிய அன்று மாலை நம் வீட்டிலும் மழை. நம் வீட்டிலும் ஏலக்காய்த் தேநீர். காயைத் தட்டிய பிறகு விரல்களை முகர்ந்து பார்த்தோம். மணம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியதும் போய்விட்டது. போடி டீக்கடையில் தம்ளரைக் கழுவி வைத்த கை நினைவுக்கு வந்தது. இரண்டு காய் போடும் இடத்தில் இனிமேல் ஒன்று போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறோம். ஆனால், அந்த ஒன்று முழுக் காயாக இருக்க வேண்டும்.